கருத்துக் கேட்காத அண்ணை

அவரிடம் நாற்பது ஐம்பது கசெற்றுகள் இருந்தன. எதிலும் பாடகரின் பெயர் இல்லை, பாட்டின் பெயரும் இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று நீல மையில் இலக்கம் மட்டும் போட்டிருப்பார். அத்தனையும் ஸ்பெயின் நாட்டுப் பாட்டுகள். அந்த மொழியில் அவருக்கு நன்றி சொல்லக்கூடத் தெரியாது, தெரிந்துகொள்ள விருப்பமும் இல்லை. பாட்டு ஓடும்போது யாராவது "இதென்ன அண்ணை சொல்லுறாங்கள்?" என்று கேட்டுவிட்டால் போதும், பெட்டியை நிறுத்திவிடுவார். "கருத்துக் கேக்கிற ஆக்களுக்கு முன்னாலை நான் பாட்டுப் போடமாட்டன்" என்பார். கோபம் என்று நினைத்துவிடக் கூடாது. அடுத்த நிமிடமே எழுந்துபோய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வருவார்.

நாங்கள் அவரை டொல்மெச்சர் அண்ணை என்று கூப்பிட்டோம். ஒருவர் பேசுவதை அங்கேயே மற்ற மொழியில் சொல்கிறவருக்கு ஜேர்மனில் டொல்மெச்சர் என்று பெயர். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் பீலெஃபெல்ட்டில் அகதி விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருந்த எங்களுக்கு அந்தச் சொல் டொக்டரைவிடப் பெரியது. விசாரணையில் அதிகாரி ஒரு பக்கம், விண்ணப்பித்தவன் மறுபக்கம், நடுவில் இவர். எண்பதுகளிலேயே வந்து விசா கிடைத்தவர். மாதத்தில் நாலைந்து நாட்கள் விசாரணைக்குக் கூப்பிடுவார்கள். மற்ற நாட்களில் எங்களோடு ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் தொழிற்சாலையில் படுக்கை விரிப்பு மடிப்பார்.

"சொன்னதைத்தான் சொல்லுவன். கூட்டவும் மாட்டன், குறைக்கவும் மாட்டன்" என்று அடிக்கடி சொல்வார். அது உண்மையும்கூட. ஒருமுறை விசாரணையில் நம்மவர் ஒருவர் பொறுமை இழந்து, "இந்த மொட்டையனுக்கு என்ன விளங்கப்போகுது" என்று தமிழில் முணுமுணுத்திருக்கிறார். அண்ணை அதிகாரியின் பக்கம் திரும்பி, குரலில் எந்த மாற்றமும் இல்லாமல் அதையும் ஜேர்மனில் சொல்லிவிட்டார். நல்லவேளை, அந்த மொட்டைத்தலை அதிகாரி சிரிக்கத் தெரிந்த மனிதர். நம்மவருக்குத்தான் அதற்குப் பிறகு ஒரு வாரம் சாப்பாடு இறங்கவில்லை.

விளங்காத பாட்டில் என்ன ருசி என்று நான் ஒருநாள் கேட்டேன். இரண்டு பேரும் விரிப்பு மடித்துக்கொண்டிருந்தோம்.

"தம்பி, விசாரணையிலை ஒருத்தன் 'என்னைக் கட்டித் தூக்கினாங்கள்' எண்டு சொல்லுறான். நானும் 'என்னை' எண்டுதான் சொல்லவேணும். 'அவனை' எண்டு சொல்லக்கூடாது, அது சட்டம். நாள் முழுக்க மற்றவன் வாங்கின அடியை என்ர வாயாலை 'நான்', 'என்னை' எண்டு சொல்லிப்போட்டு வீட்டை வாறன். தமிழ்ப் பாட்டைப் போட்டால் விளங்குது. ஜேர்மன் பாட்டும் விளங்குது. எனக்கு விளங்காத ஒண்டு வேணும்."

அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

அந்தப் பாட்டுகள் அவருக்குக் கிடைத்தது பிலார் மூலம். பிலார் எங்களோடு வேலை செய்த ஸ்பானியப் பெண். ஐம்பது வயதிருக்கும். கூலி வேலைக்கு வந்த தகப்பனோடு சின்ன வயதில் ஜேர்மனிக்கு வந்தவள். அவளுடைய தமக்கை மகன் ஸ்பெயினின் வடக்கில், மழை பெய்துகொண்டே இருக்கும் ஒரு ஊரில் கிட்டார் அடிப்பவன். அவனும் கூட்டாளிகளும் பெரிய கொம்பனிகள் தொடாத பாட்டுகளைத் தாங்களே பாடி, தாங்களே பதிந்து, தபாலில் விற்றார்கள். தன்னுடைய பாட்டுகளையும், றேடியோவில் வரும் அதே மாதிரிக் குழுக்களின் பாட்டுகளையும் கசெற்றில் பிடித்துச் சின்னம்மாவுக்கு அனுப்புவான். பிலாருக்கு அவற்றைக் கண்ணில் காட்டக் கூடாது. அவளுக்குத் தெரிந்த ஸ்பெயின் தகப்பனோடு ரயிலேறிய நாளில் விட்டுவந்த ஸ்பெயின். கை தட்டி, தொண்டை கிழிய, அழுது பாட வேண்டும். "இவன்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு முணுமுணுக்கிறார்கள். நீங்களே கேளுங்கள் இந்தக் கண்ணராவியை" என்று சொல்லித்தான் ஒருநாள் சாப்பாட்டு அறையில் ஒரு கசெற்றைப் போட்டாள்.

மூன்று நாலு கிட்டார்கள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி, பாடுகிறவனின் குரலை அமுக்கிக்கொண்டு வந்தன. அவனும் மேலே வர முயற்சிக்கவில்லை. அடுத்த பக்கத்தில் கிழவிகள் மூன்று பேர் தாம்பாளம் போன்ற பறையைத் தட்டி, இரும்புச் சட்டியைக் கரண்டியால் சுரண்டிப் பாடினார்கள். அந்தக் கிராமத்துப் பாட்டுக்குப் பின்னால் இளம்பெடியன்கள் மின்சாரக் கிட்டாரை மெல்ல உறுமவிட்டிருந்தார்கள். பிறகு காற்றுப்பை வைத்த ஒரு குழல் வந்தது. நாதஸ்வரக்காரருக்குச் சளி பிடித்துவிட்டது என்று நான் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. அண்ணை கடித்துக்கொண்டிருந்த பாண் துண்டை மேசையில் வைத்துவிட்டு அசையாமல் இருந்தார். வேலை முடிந்து போகும்போது பிலாரிடம் அந்தக் கசெற்றைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அதுதான் ஒன்றாம் இலக்கம்.

பிலார் கருத்துச் சொல்லியே பழகியவள். "இதில் என்ன சொல்கிறான் என்றால்" என்று தொடங்குவாள். அண்ணை இரண்டு கைகளையும் தூக்கிவிடுவார். ஒருநாள் புதிய கசெற் ஒன்றைக் கொண்டுவந்து உதட்டைப் பிதுக்கினாள். "இது எங்கள் நாட்டுப் பாட்டுத்தான். ஆனால் வேறு மொழி. எனக்கே ஒரு சொல்லும் புரியாது." அண்ணை எழுந்து அவளுக்குக் கை கொடுத்தார். அந்தக் கசெற் தேயும்வரை அதையே போட்டார்.

அப்படியான குழு ஒன்று ஒரு பழைய வான் வண்டியில் ஊர் ஊராகப் போகிற வழியில் பீலெஃபெல்ட் இளைஞர் மன்றத்திலும் பாடியது. முப்பது பேர்கூட வரவில்லை. ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் பாடகி எதைப்பற்றிய பாட்டு என்று சொல்ல, ஒரு பெட்டை அதை ஜேர்மனில் சொன்னாள். அவள் வாயைத் திறந்ததும் அண்ணை வெளியே நடைவழிக்குப் போய்விடுவார். பாட்டுத் தொடங்கியதும் நான் எட்டிப் பார்த்துக் கையைக் காட்ட வேண்டும். பதினைந்து பாட்டு, பதினைந்து தரம். உள்ளே வந்ததும் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் போய்க் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். அதுவரையில் அவருடைய முகத்தில் அப்படி ஓர் அமைதியை நான் பார்த்ததில்லை. எனக்குப் பொறாமையாக இருந்தது.

ஏழாம் இலக்கக் கசெற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். அகதி விடுதியில் என்னுடைய அறையில் இருந்தவன் சூசை. மன்னார்க்காரன், கத்தோலிக்கன், கட்டிலின் தலைமாட்டில் செபமாலை தொங்கும். அண்ணை எங்கள் அறைக்கு வந்து அந்தக் கசெற்றைப் போட்ட அன்று சூசை எழுந்து உட்கார்ந்தான். பாடுகிறவன் திரும்பத் திரும்ப "நாதா, நாதா" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"அண்ணை, இது ஞானப்பாட்டெல்லோ. யேசு நாதரையெல்லோ கூப்பிடுறான்."

சூசை அந்த இடம் வரும்போதெல்லாம் சேர்ந்து பாடினான். ஸ்பெயின்காரரும் எங்கட வேதம்தானே என்றான். விசாரணைக்குப் போன காலையில்கூட அந்தப் பாட்டை ஒருதரம் போடச் சொல்லிக் கேட்டு, சிலுவை போட்டுக்கொண்டு போனான். அன்றைக்கு அவனுக்கு டொல்மெச்சர் எங்கள் அண்ணைதான்.

விசாரணை முடிந்து முடிவுக்காகக் காத்திருந்த நாட்களில் நான் என் வாயைச் சும்மா வைத்திருக்க மாட்டாமல் பிலாரிடம் கேட்டேன். நாதா என்றால் அவர்களுடைய மொழியில் ஒன்றுமில்லை என்று அர்த்தமாம். இனி ஒன்றுமில்லை, எதுவுமே மிச்சமில்லை என்றுதான் அவன் அந்தப் பாட்டு முழுக்கப் பாடுகிறானாம். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வந்து சூசைக்குச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. "அப்பிடியோ" என்று மட்டும் கேட்டான். பிறகு அந்தப் பாட்டை அவன் பாடி நான் கேட்கவில்லை.

அண்ணை என்னோடு குரலை உயர்த்திப் பேசியது அந்த ஒரு தடவைதான்.

"உமக்கு ஆர் சொல்லச் சொன்னது? அவன் செபமெல்லோ சொல்லிக்கொண்டிருந்தவன்."

"உண்மையைத்தானே அண்ணை சொன்னனான்."

"தெரியாமல் இருந்ததிலை அவனுக்கு என்ன குறைஞ்சது, சொல்லும் பாப்பம்?"

அவர் சொன்னது சரி என்றே அன்று நினைத்தேன்.

இரண்டு மாதம் கழித்து சூசைக்குக் கடிதம் வந்தது. விண்ணப்பம் நிராகரிப்பு. எங்கள் எல்லோருக்கும் கடிதம் வாசித்துச் சொல்கிறவர் அண்ணைதான் என்பதால் சூசை அதை அவரிடமே கொண்டுபோனான். நானும் கூடப் போனேன். அண்ணை முதலில் தனக்குள் முழுவதையும் வாசித்தார். இரண்டாம் பக்கத்தில் கனநேரம் நின்றார். பிறகு, "நீ சொன்னதை நம்ப ஏலாதாம். கொழும்புப் பக்கம் போய் இருக்கலாமாம். ரண்டு கிழமைக்குள்ளை நீதிமன்றத்துக்கு எழுதலாம். நான் எழுதித் தாறன்" என்றார். கடிதத்தை மடித்துக் கொடுத்தார். சொன்னபடி எழுதியும் கொடுத்தார். வக்கீல் வைக்க சூசைக்கு வசதியில்லை. வழக்கு தோற்றது.

அதற்குப் பிறகு ஒரு பாதிரியார் உதவி செய்யலாம் என்று சொன்னதால், சூசையின் கடிதங்களை அவரிடம் கொடுக்க நான் வேலைக்குக் கொண்டுபோயிருந்தேன். சாப்பாட்டு நேரத்தில் பிலார் அவற்றை எடுத்து வாசித்தாள். இரண்டாம் பக்கத்தில் விரலை வைத்தாள்.

"உன் சிநேகிதன் ஏன் இப்படிச் செய்தான்? சகோதரனை இராணுவம் கொண்டுபோனது என்று விசாரணையில் சொல்லியிருக்கிறான். வந்த அன்று நிரப்பிய படிவத்தில் தனக்குக் கூடப்பிறந்தவர் யாருமே இல்லை என்று எழுதியிருக்கிறான். பொய் சொல்கிறான், நம்ப முடியாது என்று போட்டிருக்கிறார்கள். இந்த ஒரு காரணம்தான்."

எனக்கு உடனே விளங்கியது. இராணுவம் கொண்டுபோனது சூசையின் பெரியம்மா மகனை. பெரியம்மா செத்த பிறகு சூசையின் தாய்தான் அந்தப் பிள்ளையை வளர்த்தாள். நம்மில் பெரியம்மா மகனை அண்ணா என்று கூப்பிடாமல் வேறெப்படிக் கூப்பிடுவது? விசாரணையில் சூசை "அண்ணா" என்றிருக்கிறான். கூட்டவும் மாட்டாத, குறைக்கவும் மாட்டாத மனிதர் அதைச் சகோதரன் என்று ஜேர்மனில் சொல்லியிருக்கிறார். முடிவில் எழுதியதைத் தமிழில் திருப்பி வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குவார்கள். அப்போது அந்தச் சகோதரன் மறுபடியும் அண்ணாவாகிவிட்டான். சூசை ஓம் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டான்.

பெரிய விரிப்பை இரண்டு பேர் இரண்டு பக்கமும் பிடித்து, ஒருவரை நோக்கி ஒருவர் நடந்து மடிக்க வேண்டும். அன்று பின்னேரம் எனக்கு எதிரில் நின்றவர் அண்ணைதான்.

"சூசையின்ர கடிதத்திலை அண்ணாவைப் பற்றி எழுதியிருக்காம்" என்றேன்.

அவர் நடக்காமல் நின்றார். "ஓம். இருக்கு."

"நீங்கள் அதை அவனுக்குச் சொல்லேல்லை."

"சொல்லேல்லை."

"ஏன் அண்ணை?"

"சொன்னா, தன்ர வாயாலை தான் கெட்டன் எண்டெல்லோ கிடந்து யோசிப்பான்."

"அவன்ர வாயாலையோ?"

விரிப்பு எங்களுக்கிடையில் தொங்கிக்கொண்டிருந்தது. "இல்லை" என்றார். "என்ர வாயாலை. திருப்பி வாசிக்கேக்கையும் எனக்குத் தெரியேல்லை. கடிதத்தைப் பாத்தாப் பிறகுதான் தெரிஞ்சது."

"அப்ப ரண்டு கிழமை இருந்ததெல்லோ. நீதிமன்றத்துக்கு எழுதேக்கை பிழை உங்களிலை எண்டு எழுதியிருக்கலாமெல்லோ."

"எழுதினா நான் கதைச்ச மற்ற ஆக்களின்ர கேசையும் தோண்டுவாங்கள். என்னாலை விசா கிடைச்ச ஆக்களும் இருக்கினம், தம்பி. பிள்ளை குட்டியோடை இருக்கினம்."

"சூசைக்குக் கிடைக்கேல்லை."

எனக்கு அவரை அடிக்க வேண்டும் போலிருந்தது. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்ததுதான் அதைவிட எரிச்சல். கடைசியில், வழக்கு முடிந்திருந்தாலும் அகதி அலுவலகத்துக்கு எழுதிப் பார்க்கிறேன் என்றார். கடிதத்தைப் போட்டுவிட்டுத் தானே சூசையிடம் சொல்வதாகவும், அதுவரை நான் வாய் திறக்கக் கூடாது என்றும் கேட்டார். கேட்கத் தேவையில்லாத பாட்டின் கருத்தை ஓடிப்போய்ச் சொன்ன நான் இதற்குச் சரி என்றேன். அதற்கு இன்றுவரை எனக்கு ஒரு சமாதானமும் கிடைக்கவில்லை.

அந்தக் கடிதத்தை எழுத அவருக்கு நாலு நாட்கள் பிடித்தன. தவறுதல் என்பதற்கு ஜேர்மனில் இரண்டு மூன்று சொற்கள் இருக்கின்றன. தெரியாமல் நடந்ததற்கு ஒரு சொல், செய்தவனைக் குற்றம் சொல்வதற்கு ஒரு சொல். எதைப் போடுவது என்பதிலேயே ஒரு முழு நாள் போனது. அண்ணா என்ற சொல்லுக்கு விளக்கம் எழுத இன்னொரு நாள். எழுதி எழுதிக் கிழித்தார். நான் தினமும் போய்க் கேட்டேன். "ஒரு சொல் பிழைச்சு இவ்வளவும் வந்தது. இன்னொருக்கா பிழைக்கக்கூடாது" என்றார்.

வெள்ளிக்கிழமை கடிதத்தைத் தபாலில் போட்டார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அவர் விடுதிப் பக்கம் வரவில்லை. திங்கட்கிழமை சூசைக்கு வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு வரச்சொல்லி டெர்மின் கொடுத்திருந்தார்கள், வழக்கம்போல தற்காலிகக் கடதாசியைப் புதுப்பிக்க. அங்கேயே பிடித்துவைத்தார்கள். புதன்கிழமை கொழும்புக்கு ஏற்றிவிட்டார்கள். அண்ணையின் கடிதத்துக்குப் பதில் அதற்குப் பிறகுதான் வந்தது. விண்ணப்பதாரர் இப்போது இந்த நாட்டில் இல்லாதபடியால் இதில் மேலும் செய்வதற்கு எதுவுமில்லை என்று எழுதியிருந்தார்கள். சூசைக்குத் தன்னுடைய விண்ணப்பம் எதனால் தோற்றது என்று கடைசிவரை தெரியாது.

அண்ணை அதற்குப் பிறகு விசாரணைகளுக்குப் போகவில்லை. தொண்டை சரியில்லை என்று சொல்லிவிட்டார். பிலார் புதிய கசெற் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தபோது, சாப்பாட்டு அறையில் எல்லோரும் இருக்க, "இதிலை என்ன சொல்லுறான்?" என்று கேட்டார். பிலார் சந்தோஷத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். ஒருவன் மழையில் பஸ்ஸைத் தவறவிட்டு நிற்கிறான், ஒருத்தி வேறு ஊருக்குப் போய்விட்டாள், ஒருவனுக்கு வேலையில்லை என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அவ்வளவுதானோ" என்றார். அடுத்த நாள் எல்லாக் கசெற்றுகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

ஏழெட்டு மாதங்களின் பின் மன்னாரிலிருந்து விடுதி முகவரிக்கு எனக்கு ஒரு கடிதம் வந்தது. சூசையின் தாய் எழுதியிருந்தாள். "எனக்கு இருந்தது ரெண்டு ஆம்பிளைப் பிள்ளையள். மூத்தவனை ஆமி கொண்டுபோனதோடை அவன்ர கதை முடிஞ்சுது. சின்னவன் கொழும்பிலை இறங்கினவன், ஏர்போட்டிலை பொலிஸ் மறிச்சது எண்டதுக்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. சூசை எழுதிற கடிதங்களிலை டொல்மெச்சர் அண்ணை எண்டு ஒராளைப் பற்றி எழுதுவான். தனக்குச் சொந்த அண்ணா மாதிரி எண்டு எழுதுவான். மகன், அந்தப் பிள்ளையிட்டைச் சொல்லி, ஜேர்மன் பாஷையிலை எழுதி, என்ர பிள்ளையைத் தேடித்தரச் சொல்லிக் கேளுங்கோ."

அதை அண்ணையிடம் கொடுக்காமல் விடலாமா என்று இரண்டு நாட்கள் யோசித்தேன். பிறகு கொண்டுபோய்க் கொடுத்தேன். தமிழில் எழுதிய கடிதம்தான், ஆனாலும் மிக மெதுவாக வாசித்தார். காணாமல் போனவர்களைத் தேடும் அலுவலகம் ஒன்றின் படிவத்தை அடுத்த கிழமை வாங்கிவந்தார். அவருடைய சமையலறை மேசையில் இருவரும் இருந்து அதை நிரப்பினோம். பெயர், பிறந்த ஊர், கடைசியாகக் கண்ட இடம் என்று ஒவ்வொரு கட்டமாக அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டு வந்தார். தேடுகிறவருக்கு எத்தனை பிள்ளைகள் என்ற கட்டத்தில் பேனா நின்றது.

"அம்மா ரெண்டு எண்டெல்லோ எழுதியிருக்கிறா" என்றார்.

"ஓம்."

"ரெண்டு எண்டு போட்டா பழைய கேசை எடுத்துப் பாப்பாங்கள். பொய் எண்டு தூக்கிப் போட்டிடுவாங்கள்."

"பெரியம்மான்ர பிள்ளை, இவதான் வளத்தவ எண்டு விளக்கி எழுதுங்கோ அண்ணை."

"கட்டத்திலை இடமில்லைத் தம்பி. ஒரு இலக்கம்தான் போடலாம்."

குழாயடியில் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து இருந்தார். தாயின் கடிதத்தை மறுபடியும் எடுத்துப் பார்த்தார்.

"ஒண்டு எண்டு போடுறன்" என்றார். "போடட்டோ?"

அந்த மூத்தவனை நான் கண்டதில்லை. அவனுடைய பெயர்கூட எனக்குத் தெரியாது. நான் ஓம் என்றேன்.